கங்கேமாவில் பிறந்த வங்கி, காங்கோவின் கோமா நகர் வரை: கென்யாவின் ஈக்விட்டி செய்வது சேவையா, வியாபாரமா?

நைரோபிக் கணக்கன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆப்பிரிக்காவில் நிறுவனங்கள் செய்யும் சமூகப் பணி என்றாலே ஆழ்துளைக் கிணறு போட்டுப் படம் எடுத்துக்கொள்வதுதான் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக நைரோபியில் கணக்கு வேலை பார்க்கிறேன். அந்த மாதிரிப் படங்கள் நிறைய என் கண்ணிலும் பட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு வங்கியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

1984-இல் மத்திய கென்யாவின் முராங்கா மாவட்டத்தில், தேயிலையும் காப்பியும் விளையும் மலைச்சரிவில் கங்கேமா என்ற சிற்றூரில் பீட்டர் முங்காவும் கூட்டாளிகளும் ஒரு வீட்டுக்கடன் சங்கம் தொடங்கினார்கள். பெயர் ஈக்விட்டி. மக்கள் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளக்கூடிய சேமிப்பை வாங்கி, பத்து, பதினைந்து ஆண்டு வீட்டுக்கடனாகக் கொடுத்தார்கள். அந்த ஊரில் மாதச் சம்பளக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 1993-இல் மத்திய வங்கி வந்து பார்த்தபோது கொடுத்த கடனில் 54 விழுக்காடு வாராக்கடன். பங்குதாரர்கள் போட்ட மூலதனம் 30 லட்சம் ஷில்லிங், சேர்ந்திருந்த நட்டம் 3.3 கோடி. மக்கள் போட்ட பணத்தில்தான் அன்றாடச் செலவே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜேம்ஸ் ம்வாங்கி நிதிப் பொறுப்புக்கு வந்தார். அவரும் முராங்காக்காரர்தான். தந்தையை இழந்து தாயால் வளர்க்கப்பட்டவர். அவர் முன்பு வேலை பார்த்த ட்ரேட் வங்கியும் அதே 1993-இல்தான் விழுந்தது. வீட்டுக்கடனை நிறுத்தினார்கள். தேயிலைக்குப் பணம் வாங்குகிறவர், பால் ஊற்றுகிறவர், சந்தையில் காய் விற்கிறவர் என்று சின்னத் தொகைக் கடன்களுக்கு மாறினார்கள். ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பங்காக எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களையும் பங்கு வாங்கச் சொல்லிக் கேட்டார்கள், அவர்களும் வாங்கினார்கள்.

1990-களின் கடைசியில் கென்யாவின் பெரிய வங்கிகள் கிராமக் கிளைகளை மூடின, கணக்கில் குறைந்தபட்ச இருப்பை உயர்த்தின. சிறு கணக்கு அவர்களுக்குச் சுமையாகத் தெரிந்தது. ஈக்விட்டி அந்தச் சமயத்தில் எதிர்த்திசையில் நடந்தது. கணக்கு தொடங்க இருப்பு வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். சந்தை கூடும் நாளில் வண்டியில் பணப்பெட்டியும் கணினியும் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போய் நின்றார்கள்.

அப்புறம் நடந்தது வேகமான கதை. 2004 முடிவில் முழு வணிக வங்கி, 2006-இல் நைரோபி பங்குச் சந்தை. 2007-இல் ஹீலியோஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 24.99 விழுக்காட்டுப் பங்கை ஏறக்குறைய 1,100 கோடி ஷில்லிங் கொடுத்து வாங்கியது. உகாண்டா, தெற்கு சூடான், ருவாண்டா, தான்சானியா, காங்கோ என்று எல்லை தாண்டினார்கள். 2008-இல் அறக்கட்டளை. 2010-இல் அறிவித்த விங்ஸ் டு ஃப்ளை என்ற உதவித்தொகைத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிச் செலவு முழுவதையும் ஏற்கிறார்கள்.

இந்த வங்கியின் சமூகப் பொறுப்பு என்றதும் எல்லாரும் உதவித்தொகையைத்தான் சொல்கிறார்கள். வாசலில் நின்ற ஆளை உள்ளே வரச் சொல்லிக் கணக்கு கொடுத்ததுதான் பெரிய காரியம், உதவித்தொகை அதற்குப் பின்னால் வருவது என்று நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

நேர்க்கோடு எழுதியது:

கணக்கன் சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலாவது, பணம் யாருடையது? விங்ஸ் டு ஃப்ளைக்குப் பெரும் பணம் கொடுத்தது மாஸ்டர்கார்டு அறக்கட்டளை. அது மாஸ்டர்கார்டு நிறுவனம் 2006-இல் பங்குச் சந்தைக்குப் போனபோது கொடுத்த பங்குகளால் உருவாகி, டொரண்டோவில் தனியாக இயங்கும் அமைப்பு. பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி அரசுகளின் உதவி அமைப்புகளும் பணம் போட்டிருக்கின்றன. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சீருடைப் படத்தில் வங்கியின் பழுப்பு நிறம்தான் தெரிகிறது.

இரண்டாவது, வட்டி. ஏழைக்குக் கடன் கிடைத்தது என்பது பாதிச் செய்திதான். என்ன வட்டிக்கு, என்ன பிணைக்கு? கென்யாவில் வீட்டுச் சாமான்களைக்கூடப் பிணையாக எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. தவணை தவறினால் சோபாவும் தொலைக்காட்சியும் ஏலத்துக்குப் போகும்.

மூன்றாவது, இதையெல்லாம் சமூகப் பொறுப்பு என்று ஏன் அழைக்க வேண்டும்? வங்கி வாடிக்கையாளரைத் தேடிப் போனது. மளிகைக் கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார்.

---

வேடசந்தூராள் எழுதியது:

நான் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கென்யாவிலும் பெண்கள் "சாமா" என்று குழு சேர்ந்து மாதம் ஒருவருக்குப் பணம் சுற்றிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஏலமில்லாத குலுக்கல் சீட்டு மாதிரிதானே? இங்கே குழுக்களை வங்கியோடு சேர்க்க 1992-இல் நபார்டு வழிகாட்டியது. அதற்கு முன் வங்கி வாசலில் எங்கள் ஊர்ப் பெண்கள் நின்ற நிலை எனக்குத் தெரியும். அதனால் கணக்கன் தம்பி சொல்லும் "உள்ளே வரச் சொன்னது" எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நேர்க்கோடு தம்பி சொல்லும் பயமும் எனக்குண்டு. 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள் வசூலித்த விதத்தில் என்னென்ன நடந்தது என்று நாம் பார்த்தோம். அவர்களும் ஏழையைத் தேடி வீட்டு வாசலுக்கு வந்தவர்கள்தான்.

என் கேள்வி ஒன்று. 1993-இல் சங்கம் திவால் என்று தெரிந்ததும் பணம் போட்டவர்கள் ஏன் ஓடி வந்து எடுக்கவில்லை? இங்கே ஒரு சீட்டுக் கம்பெனி ஆடுகிறது என்று டீக்கடையில் பேச்சு வந்தால் மறுநாள் காலை ஷட்டருக்கு முன்னால் கூட்டம் நிற்கும்.

---

நைரோபிக் கணக்கன் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மத்திய வங்கி திவால் நிலை என்று சொன்னதே தவிர, பூட்டுப் போடவில்லை. ஓடிவந்து எடுத்தால் போய்ச் சேர வேறு வாசலும் அந்த மக்களுக்கு இல்லை. பெரிய வங்கி சேர்த்துக்கொள்ளாது. சங்கத்தை நடத்துகிறவர்கள் பக்கத்து மலைக்காரர்கள், தேவாலயத்தில் பார்க்கிற முகங்கள். என் அலுவலகத்தில் முராங்காவைச் சேர்ந்த ஒரு மூத்த அம்மா இருக்கிறார். "எங்கள் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது, அதைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் பணம் போட்டுப் பங்கு வாங்கினோம்" என்றார். அந்தப் பங்குகளை விற்றுத்தான் மகனுக்கு வீடு கட்டினாராம். அவர் இதைச் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது.

சாமா பற்றி நீங்கள் சொன்னது சரி. மாதாமாதம் சுற்றிவரும் சீட்டும் உண்டு, சேர்த்துவைத்து நிலம் வாங்கும் சாமாவும் உண்டு. ஈக்விட்டி 2007-இல் பெண்களுக்கென்று கொண்டுவந்த ஃபானிகிஷா கடன் இந்தக் குழுக்களின் உத்தரவாதத்தை நம்பித்தான் போனது.

நேர்க்கோடு சார், வட்டி விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். நான் இங்கே வந்த ஆண்டில், 2016 செப்டம்பரில், மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 புள்ளிக்கு மிகாமல்தான் வட்டி வாங்கலாம் என்று கென்யா சட்டம் போட்டது. ஏழைக்கு நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு. அந்த வட்டியில் சிறு வியாபாரிக்குக் கொடுப்பதைவிட அரசுப் பத்திரத்தில் போடுவது மேல் என்று வங்கிகள் ஒதுங்கின. ஈக்விட்டியும் பத்திரங்களைக் கூட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவருக்கு, ஒழுங்காகக் கட்டி முடித்த பழைய கடன் இருந்தும், அவருடைய வங்கி புதுக் கடன் தரவில்லை. கைப்பேசிச் செயலிக் கடனில் விழுந்தார். அதன் வட்டியை ஆண்டுக் கணக்கில் போட்டுக் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. 2019 நவம்பரில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். ஆக அந்த மூன்றாண்டும் ஈக்விட்டி மற்ற வங்கிகளைப் போலவே நடந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பிணையைப் பற்றிச் சொன்னதும் உண்மைதான். ஆனால் நிலப் பட்டா முக்கால்வாசி கணவன் பெயரில் இருக்கிற ஊரில், ஒரு பெண் தன் பெயரில் எதைக் காட்டிக் கடன் கேட்பாள்? சாமானையும் குழுவையும் ஏற்றுக்கொண்டதால்தான் அவளால் உள்ளே வரவே முடிந்தது. தவறினால் வலிக்கும், மறுக்கவில்லை.

மளிகைக் கடை ஒப்புமைக்கு வருகிறேன். 2006-இல் கென்யாவில் பெரியவர்களில் 26.7 விழுக்காட்டினருக்குத்தான் முறையான நிதிச் சேவை எட்டியிருந்தது. 2021-இல் அது 83.7. இதில் பெரும்பங்கு சஃபாரிகாம் என்ற கைப்பேசி நிறுவனத்தின் எம்-பெசா பணச் சேவைக்குப் போகும், ஈக்விட்டிக்கு முழுவதையும் கொடுக்கக் கூடாது. 2010-இல் இருவரும் சேர்ந்து எம்-கேஷோ என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்கள், சீக்கிரமே பிரிந்தார்கள். பிறகு ஈக்விட்டி தானே ஈக்விடெல் என்று கைப்பேசிச் சேவை தொடங்கியது. இருக்கிற சிம் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சிம்! பாதுகாப்பில்லை என்று சஃபாரிகாம் எதிர்த்தது, ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. இதற்கிடையில் தெருமுனைக் கடைகூட வங்கி முகவராக மாறியது. இன்று ஈக்விட்டியில் நடக்கும் பரிவர்த்தனையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கிளைக்கு வெளியேதான் நடக்கிறது.

---

பழைய சிப்பாய் எழுதியது:

உள்ளே வரலாமா? ஐ.நா. அமைதிப் படையில் காங்கோவின் கோமா நகரில் ஒரு வருடம் இருந்தேன். வங்கி என்றால் அங்கே என்ன பொருள் என்று சொல்ல ஆசை.

கோமாவில் எல்லாம் டாலர். சில்லறைக்கு மட்டும் காங்கோ ஃபிராங்க். டாலர் நோட்டில் ஊசி முனை அளவு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். அரசாங்கச் சம்பளம் ரொம்ப வருடம் கழித்துத்தான் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதற்கு முன் பணமூட்டை தலைநகர் கின்ஷாசாவிலிருந்து அதிகாரி அதிகாரியாகக் கைமாறி வரும், சிப்பாய் கைக்கு வரும்போது பாதி இருக்காது. நானும் சிப்பாய் என்பதால் அந்தப் படைவீரர்களைப் பார்க்கவே மனசு கஷ்டப்படும். சம்பளம் வராத சிப்பாய் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று ஊர்மக்களைக் கேட்டால் தெரியும். அந்த நாட்டில் சம்பளக் கணக்கு என்பது பொதுமக்களின் உயிருக்கே பாதுகாப்பு.

ஈக்விட்டி 2015-இல் அங்கே ப்ரோகிரெடிட் என்ற சிறிய வங்கியில் 79 விழுக்காட்டை வாங்கியது. 2020-இல் பிசிடிசி வங்கியின் 66.53 விழுக்காட்டை 9.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த பிசிடிசி 1909-இல் பெல்ஜியக் காங்கோ வங்கி என்ற பெயரில் காலனி ஆட்சிக்காகத் தொடங்கியது. ரப்பரும் செம்பும் வெளியே போன காலத்தின் கணக்குப் புத்தகம் அது. கங்கேமாவில் தேயிலைக்காரர் காசில் தொடங்கிய சங்கம் அதை விலைகொடுத்து வாங்கியது என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஆனால் 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை கோமாவைப் பிடித்தது. ஊரில் வங்கிகள் மூடின. பணம் கணக்கில் இருக்கும், கையில் வராது. ஜனங்கள் எல்லை தாண்டி ருவாண்டாவின் கிசேனிக்குப் போய்ப் பணம் எடுக்க வேண்டிய நிலை. வங்கியின் பொறுப்பு பற்றிப் பேசும்போது இதையும் வைத்துப் பேசுங்கள்.

---

எம்.காம். இரண்டாம் ஆண்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை எங்கள் வகுப்புக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவு பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஈக்விட்டி மாதிரி நிறுவனத்தில் எதை வியாபாரம், எதைச் சமூகப் பணி என்று பிரிப்பது? வட கென்யாவில் வறட்சிக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தில் ஈக்விட்டிதான் பணத்தைப் பட்டுவாடா செய்ததாகப் படித்தேன். அது எந்தப் பக்கம்?

---

நேர்க்கோடு எழுதியது:

அந்த வறட்சித் திட்டம் எனக்குத் தெரியும் தங்கச்சி. துர்கானா, மார்சபிட், வஜிர், மண்டேரா ஆகிய 4 மாவட்டங்களில், இரண்டாம் கட்டத்தில் 1 லட்சம் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பணம். பிரிட்டன் அரசும் கென்ய அரசும் கொடுத்த பணம், ஈக்விட்டி கணக்கு தொடங்கி அட்டை கொடுத்துக் கடைக்கார முகவர்கள் வழியாக வழங்கியது. அதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டது. ஆகவே அது வியாபாரப் பக்கம்தான் என்று எழுதுவேன். நல்ல வியாபாரம் என்றும் எழுதுவேன். மேய்ச்சலுக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு எங்கே போனாலும் எடுக்கிற மாதிரி பணம் இருப்பது பெரிய விஷயம். அதைத் தர்மம் என்று சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல்.

2024-இல் குழுமத்தின் நிகர லாபம் 4,880 கோடி ஷில்லிங். அதில் ஏறக்குறைய பாதி கென்யாவுக்கு வெளியே சம்பாதித்தது. அதே நிறுவனம் 2025-இல் மோசடி, நடத்தை விசாரணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து எடுத்தது. ஏழை பணம் போடுகிற இடம் என்றால் முதல் சமூகப் பொறுப்பு அந்தப் பணத்தைப் பூட்டி வைப்பது. அதை இழையில் யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

எல்லை தாண்டிய வளர்ச்சியும் எல்லா இடத்திலும் வெற்றி என்று நினைக்க வேண்டாம். தெற்கு சூடானில் 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வந்தது. 2015 இறுதியில் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டதும் மதிப்பு சரிந்தது. பல கிளைகளை மூட வேண்டியதாயிற்று.

சிப்பாய் ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் மூன்றாவது கேள்வியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். மளிகைக் கடை ஒப்புமை சரியில்லை. சம்பளம் கைக்கு வந்து சேர்வது உயிர் விஷயம் என்று நான் யோசித்ததில்லை.

---

நைரோபிக் கணக்கன் எழுதியது:

நேர்க்கோடு சார், பூட்டி வைப்பது பற்றிச் சொன்னது மிகச் சரி. நான் விட்டது தவறு.

உதவித்தொகைப் பணம் யாருடையது என்ற உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. டொரண்டோவிலிருந்து பணம் வரலாம். எந்த வீட்டுப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே வேண்டும் என்று டொரண்டோவுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 500-க்கு 350 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் எடுத்த, வசதியில்லாத பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். கிளை மேலாளர், கல்வி அதிகாரி, ஊர்த்தலைவர், மதத்தலைவர்கள் எல்லாம் சேர்ந்த குழு பிள்ளையையும் வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசும். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும். கிளைகள் மூலைமுடுக்கெல்லாம் இருப்பதால்தான் இது முடிகிறது. 2020-இல் கென்ய அரசு உலக வங்கிப் பணத்தில் எலிமு என்ற உதவித்தொகையைத் தொடங்கியபோது, நடத்தும் வேலையை இதே அறக்கட்டளையிடம் கொடுத்ததும் அதனால்தான். வங்கி கொடுத்தது பணத்தைவிட ஆள்பலமும் ஊரறிவும் என்று நான் கணக்கெழுதுவேன்.

அந்த எட்டாம் வகுப்புத் தேர்வு 2023-உடன் முடிந்தது, பாடத்திட்டமே மாறிவிட்டது. ஒரு மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடுப்பது பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தல் உண்டு. 340 எடுத்த அநாதைப் பிள்ளை என்ன செய்தது என்று யாரும் எழுதுவதில்லை.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் அம்மாவின் மகள் இதில் படித்தாள். இங்கே உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் விடுதிப் பள்ளி. சேரும்போது தகரப் பெட்டி, மெத்தை, போர்வை, சோப்பு, பூட்டு எல்லாம் கொண்டுபோக வேண்டும். இடம் கிடைத்தும் பெட்டி வாங்க வழியில்லாமல் நின்றுபோகும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். உதவித்தொகையில் கட்டணத்தோடு சீருடை, புத்தகம், பயணச் செலவு, கைச்செலவு எல்லாம் வரும் என்று அந்த அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பள்ளி திறக்கும் வாரம் மட்டாட்டு என்ற சிற்றுந்துகளின் கூரையில் வரிசையாகத் தகரப் பெட்டி போகும். அந்தப் பெட்டிகளில் ஒன்று இவருடைய மகளுடையது என்று அவர் எங்களை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொன்று, மாணவிக்காக. ஈக்விட்டி ஆஃபியா என்று மருத்துவமனைகள் உள்ளன. வங்கியின் கல்வித் திட்டத்தில் வளர்ந்து மருத்துவரானவர்கள், வங்கியின் பெயரை உரிமமாகப் பெற்றுத் தாங்களே நடத்துகிறார்கள். கடனும் வங்கியிலிருந்து. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? நான் இரண்டு பக்கத்திலும் எழுதுவேன்.

---

வேடசந்தூராள் எழுதியது:

தம்பி, அந்தத் தேர்வுக் குழு விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் கூட்டமைப்பிலும் படிப்பு உதவி என்று வருடம் எட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். யாருக்கு என்று நிர்வாகிகள் நாங்கள் ஐந்து பேரே உட்கார்ந்து முடிவு செய்கிறோம். போன வருடம் ஒரு பெண் பிள்ளை விட்டுப்போனது. அதன் அம்மா எங்கள் குழுவில் இல்லை, செங்கல் சூளைக்கு வெளியூர் போயிருந்தாள், யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது பருத்தி மில்லில் இருக்கிறது.

வருகிற கூட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியரையும் அங்கன்வாடி டீச்சரையும் குழுவில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் அதில் இருக்கிறது. மதிப்பெண் வரம்பு வைக்கவில்லை.

---

பழைய சிப்பாய் எழுதியது:

அம்மா, மில்லுக்குப் போன அந்தப் பிள்ளைக்கு என்ன வயது? பதினெட்டுக்குள் என்றால் திரும்பப் பள்ளியில் சேர்க்கலாம். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். தனிமடலில் எழுதுங்கள், முதல் வருடச் செலவு என்னுடையது.